வடிய எத்தனை நாளாகும்

"கூண்டு ஏத்தல. நம்ம பக்கம் மழை எதுவும் இல்ல. தைரியமா கெளம்பலாம்."

ஆடி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுக்காரர் போட்ட செய்தி இது. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று, துறைமுகத்துப் பக்கம் தெரியும் வெறும் கம்பத்தை எடுத்த படம்.

கடலூர்க்காரர்களுக்கு மழை என்றால் கிழக்கே கடலில் கிளம்பி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. வருவதற்கு முன்பே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிடுவார்கள். எத்தனையாம் எண் கூண்டு என்று டிவியில் சொல்வார்கள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார்கள். கூண்டு ஏறாத நாளில் மழையைப் பற்றி யோசிக்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. நாங்கள் போகவிருந்தது குடகு மலைக்கு. அங்கே ஆடிதான் மழைக்காலம். அந்த மழை மேற்கிலிருந்து வருகிறது, அதற்காக எங்கள் துறைமுகத்தில் யாரும் கூண்டு ஏற்றப் போவதில்லை. இது குழுவில் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்துப் பாடமாகத் தெரிந்ததுதான். எனக்குப் பயண நூல்கள் படிக்கும் பைத்தியம் உண்டு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இருந்தும் அந்தச் செய்திக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன.

குழு என்றால் ஐந்து பேர். நானும் வீட்டுக்காரரும். வீட்டுக்காரரோடு கம்பெனியில் வேலை செய்யும் திட்டக்குடிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். ஐந்தாவது ஆள் என் தம்பி. அவன் சிதம்பரத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான். வெயில் காலத்தில் விற்பனை, மழைக்காலத்தில் வாடகை. வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்கும் வயல்களுக்கும் டீசல் பம்புகளைக் கொண்டுபோய்ப் போட்டு நீரை இறைத்து விடுவது அவன் தொழிலில் பாதி. மலைக்குப் போகலாம் என்று முதலில் ஆசைப்பட்டவனும் அவன்தான். கொள்ளிடத்தில் வரும் தண்ணீர் குடகில்தான் பிறக்கிறது, அதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தம்பிக்குச் சர்க்கரை வியாதி. பல வருடங்களாக இன்சுலின் ஊசி. காலையில் போட்டுக்கொள்ளும் ஊசி மதிய நேரத்தில் வேகம் பிடிக்கும். அப்போது வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும். தவறினால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். முதலில் வியர்வை, பிறகு உளறல், பிறகு மயக்கம். ஒருமுறை கடையிலேயே அப்படிச் சாய்ந்து, பக்கத்து டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறார். அதனால் வழியனுப்ப சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வந்த தம்பி மனைவி என்னிடம் பேசவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் பேசினாள்.

"அண்ணே, மதியம் அவருக்குச் சோறு தள்ளிப்போகக் கூடாது. அவர் சொல்ல மாட்டார். நீங்கதான் பாத்துக்கணும்."

"உன் புருஷன எங்கிட்ட ஒப்படைச்சிட்ட இல்ல, வுடு. முழுசா கொண்டாந்து எறக்கிடறேன்" என்றார் அவர்.

மைசூர் ரயில் முதுநகரிலிருந்தே கிளம்புவது எங்களுக்கு வசதி. தம்பி சிதம்பரத்தில் ஏறிக்கொண்டான். கொள்ளிடம் பாலத்தில் வண்டி போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே மணல். ஓர் ஓரமாக மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

"மச்சான், கடைலேருந்து ஒரு மோட்டார தூக்கியாந்திருக்கலாம்ல. மலையில மழை ஜாஸ்தியானா எறச்சி வுட்டுடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கூண்ட தூக்கியாந்திருக்கலாம் மாமா. மலைக்காரன் கண்டானா கூண்ட?"

இருவரும் இப்படித்தான். பதினேழு வருடப் பழக்கம். திட்டக்குடிக்காரர் மனைவி சிரித்துச் சிரித்து, கையிலிருந்த டீயைப் புடவையில் ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மைசூரில் இறங்கி வேன் பிடித்தோம். குடகுக்குள் நுழைந்ததிலிருந்து மழை நிற்கவே இல்லை. எங்கள் ஊர் மழை கொட்டும், வெறிக்கும், திரும்பக் கொட்டும். இந்த மழைக்கு ஆரம்பமும் முடிவும் தெரியவில்லை. பகலெல்லாம் ஒரே மாதிரி மங்கல் வெளிச்சம். சுவர், போர்வை, தீக்குச்சி, எதைத் தொட்டாலும் ஈரம். நாங்கள் தங்கிய காப்பித் தோட்டத்து வீட்டில் துணி காயவைக்க அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தார்கள். சிதம்பரத்தில் வாங்கிப்போன பைக் மழைக்கோட்டு இடுப்புக்குக் கீழே எதற்கும் உதவவில்லை. நான் படித்த பயணக் கட்டுரைகளில் மலை மழை எப்போதும் அழகாகவே பெய்துகொண்டிருந்தது. எழுதியவர்கள் யாரும் ஈரத் துணியோடு தூங்கியதாக நினைவில்லை.

சனிக்கிழமை காலை நடை. தோட்டத்திலிருந்து காடு வழியாக ஏறி, மேலே புல்வெளி முகட்டைத் தொட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே தோட்டத்துக் கொட்டகைக்குத் திரும்புவது திட்டம். வழிகாட்டியாக வந்தவர் அந்தத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். கன்னடம் கலந்த தமிழ் பேசினார். அட்டை கடித்தால் வைக்க ஆளுக்கொரு துணியில் உப்பு முடிந்து கொடுத்தார். தம்பி ஊசி போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டு, பிஸ்கட்டும் மருந்துப் பெட்டியும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம்.

முகட்டில் எதுவும் தெரியவில்லை. மேகத்துக்குள் நின்றுகொண்டு படம் எடுத்தோம். ஒரு படத்தில் தம்பி கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்; பின்னால் வெறும் வெள்ளை. "மேட்டூருக்கு தண்ணி இங்கேருந்துதான் போவுது. இன்னும் பத்து நாள்ல நம்மூர்ல வெள்ளம்னு தண்டோரா போடுவான் பாருக்கா" என்றான்.

இறங்கும்போது மழை வலுத்தது. காலையில் கல்லுக்குக் கல் தாண்டி வந்த ஓடை முழங்கால் அளவு வந்துவிட்டிருந்தது. திட்டக்குடிக்காரரும் மனைவியும் முதலில் கடந்தார்கள். வழிகாட்டி நடுவில் நின்று கை கொடுத்தார். தம்பி வழுக்கி விழுந்துவிடப் போகிறான் என்று திட்டக்குடிக்காரர் திரும்பி வந்து அவன் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி அக்கரைக்குப் போனார். நல்ல மனிதர், உதவியாகச் செய்தது. அடுத்து தம்பி இறங்க வேண்டும். அதற்குள் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வழிகாட்டி எங்கள் பக்கம் பாய்ந்து ஏறிக்கொண்டு, "நில்லுங்க, யாரும் இறங்காதீங்க" என்றார். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஒரு முழுக் கிளை புரண்டுகொண்டு போனது. நாங்கள் கால் வைக்கவிருந்த கற்கள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை.

அக்கரையில் பை. அதில் பிஸ்கட்டும் மருந்தும். அந்தப் பாதையில் அரை மைல் தள்ளிக் கொட்டகையில் சோறு. இக்கரையில் நான், வீட்டுக்காரர், தம்பி, வழிகாட்டி. நேரம் மதியத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பையைத் தூக்கி எறியச் சொல்லிக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டதா தெரியவில்லை. அகலத்தைப் பார்த்தால் எறிந்திருந்தாலும் தண்ணீரில்தான் விழுந்திருக்கும். தம்பி சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தான். அது மழையில் கரைந்து, காகிதத்தில் ஒட்டிய பசையாக மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வழித்து நக்கினான்.

"ஸ்வல்ப இருங்க சார். இறங்கிடும்" என்றார் வழிகாட்டி.

"எவ்ளோ நேரம்?" என்றான் தம்பி.

"சொல்ல முடியாது. ஒரு மணி, ரெண்டு மணி. மேல மழை நின்னா சீக்கிரம்."

தம்பி அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கடைக்கு வந்து அரைகுறையாகப் பேசும் ஆளைப் பார்ப்பதுபோல. "ரெண்டு மணியா? இன்னா பேசறீங்க. இவ்ளோ தண்ணி ஏறினது ரெண்டு மணியில எங்க போவும்? மூணு நாளாவும் வடிய. நான் இதுலயே பொழைக்கறவன்."

எங்கள் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் அப்படி. கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது என்றால் சில நாள் முன்பே தெரிந்துவிடும், மெதுவாக ஏறும். ஏறிய பிறகு இறங்காது. தரை தட்டையாக இருப்பதால் போக இடமில்லாமல் வாரக்கணக்கில் நின்று, நெல்லை அழுகவிட்டு, பம்பு போட்டு இறைத்தால்தான் நகரும். வந்த வேகத்திலேயே திரும்பிப் போகும் தண்ணீரை நாங்கள் கண்டதில்லை. வீட்டுக்காரரும் வழிகாட்டியிடம் வேறு வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார். நானும் வழிகாட்டி சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வேறு வழி இருந்தது. இந்தக் கரையோடு சரிவில் போனால் தோட்டத்து ஜீப் சாலை வரும். அதில் பாலம் இருக்கிறது. பாலம் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்தால் அதே கொட்டகை. ஒரே பாதை, பிரிவு எதுவும் இல்லை, ஆனால் தூரம் என்றார் வழிகாட்டி. போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எனக்கு முகட்டிலேயே கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. வழிகாட்டி என்னோடு இருக்க வேண்டும். தம்பியைத் தனியாக அனுப்ப முடியாது. அதனால் வீட்டுக்காரரும் அவனும் கிளம்பினார்கள்.

"மாமா, வேகமா நடந்தா பசி தெரியாது" என்றான் தம்பி.

"பசி தெரிஞ்சா சொல்லித் தொலை. ஒளிச்சி வெக்காத" என்றார் அவர்.

அன்று அவர்களுக்குள் நான் என் காதால் கேட்ட கடைசிப் பேச்சு இதுதான். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நடந்ததெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்தது.

மழை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டைகளை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சினிமா பார்த்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. வழிகாட்டி "எழுந்திருங்க அம்மா" என்றார். ஓடையில் கற்கள் தெரிந்தன. காலையில் இருந்ததைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். தம்பி இங்கேயே இருந்திருந்தால் இப்போது கடந்திருப்பான்.

கொட்டகையில் திட்டக்குடிக்காரர்கள் இலை போட்டுக் காத்திருந்தார்கள். தம்பியின் பை பெஞ்சின் மேல் இருந்தது. தம்பியும் வீட்டுக்காரரும் வந்திருக்கவில்லை. போன் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் டவர் இல்லை. ஜீப் சாலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சோற்றைத் தொடவில்லை. இப்போது ஊசியின் வேகம் உச்சத்தில் இருக்கும் என்று நான் ஒருமுறை சொன்னேன். பிறகு சொல்லவில்லை.

வளைவில் ஆள் தெரிந்தது. வீட்டுக்காரர். தனியாக, ஓட்டமும் நடையுமாக.

"தம்பி எங்க?"

"பின்னாடி வரான். அந்தப் பைய எடு. சோத்த கட்டு, நான் எடுத்துக்கினு எதிர்ல போறேன்."

"எவ்ளோ தூரம் பின்னாடி?"

"பாலத்துகிட்ட. மெதுவா வரேன்னான். தெளிவாத்தான் இருக்கான்."

கொட்டகைக்குப் பின்னால் தோட்டத்து ஜீப் நின்றிருந்தது; அதைக் கேட்க அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை. வழிகாட்டி டிரைவரை எழுப்பினார். வீட்டுக்காரரும் திட்டக்குடிக்காரரும் பையோடு ஏறிக்கொண்டார்கள். நானும் ஏறினேன். பாலம் வரை சாலையில் யாரும் இல்லை. பாலத்திலும் இல்லை. பாலம் தாண்டியும் போனோம். வீட்டுக்காரர் ஜீப்பிலிருந்து இறங்கி "மச்சான்... மச்சான்..." என்று கூப்பிட்டுக்கொண்டு சாலையில் மேலும் கீழுமாக ஓடினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் ஜீப் டிரைவர் கண்டுபிடித்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம், கொட்டகைக்கு வரும் வழியில், சாலையை விட்டுக் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. கழுத்தில் அட்டைகள். கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. "ஃபுட் வால்வுல காத்து புடிச்சிருக்கு... ஃபுட் வால்வ மாத்து..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடையில் பையன்களிடம் பம்பைப் பற்றிப் பேசுவதாக நினைப்பு. உடம்பு மீன் மாதிரி சில்லென்றிருந்தது. விழுங்கச் சொன்னால் விழுங்கத் தெரியவில்லை. குளுக்கோஸைக் குழைத்து வீட்டுக்காரர்தான் அவன் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். விரலைக் கடித்துவிட்டான். அவர் எடுக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். ஞாயிறு காலையில் தம்பி தெளிந்துவிட்டான். இட்லி கேட்டான். சாப்பிட்டு முடித்து, வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது என்னிடம் கேட்டான்:

"அக்கா, மாமா என்ன வுட்டுட்டு போயிட்டாரா?"

"நீதான் போகச் சொன்னியாமே. 'நீங்க போங்க மாமா, நான் வரேன்'னு."

"நானா?" என்றான். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தது தெரியுது. நான் ஒரு எடத்துல குந்தினேன். திரும்பிப் பாத்தா அவர் இல்ல. அதுதான் ஞாபகம்."

அன்றே வீட்டுக்காரரிடம் விவரமாகக் கேட்டேன். அவர் சொன்னது: பாலம் தாண்டியதும் தம்பி சோர்ந்துவிட்டான், ஆனால் தெளிவாகப் பேசினான். "நீங்க போங்க மாமா, நான் வரேன்" என்றான். சோற்றை எதிரே கொண்டுவந்தால் சீக்கிரம் என்று இவருக்கும் பட்டது. அதனால் வேகமாக நடந்தார். அவர் நினைத்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் "நான் வரேன்" என்பதை எங்கள் ஊரில் எதற்குத்தான் சொல்வதில்லை? பின்னாலேயே வருகிறேன் என்பதற்கும் அதுதான், விடைபெறுவதற்கும் அதுதான், கோபத்தில் ஆளைத் துரத்துவதற்கும் அதுதான். அவன் எந்தக் குரலில் சொன்னான் என்று கேட்டேன். "எப்பவும் சொல்ற மாதிரிதான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை திரும்பினோம். (திங்கள் என்று முதலில் எழுதியிருந்தேன், ரயில் டிக்கெட்டைப் பார்த்துத் திருத்தினேன்.) திரும்பும் வண்டியில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. சிதம்பரம் ஸ்டேஷனில் தம்பி மனைவி வந்திருந்தாள். புருஷன் கையைப் பிடித்து இறக்கினாள். என் வீட்டுக்காரர் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்குத் தம்பி வீட்டார் கடலூருக்கு வரவில்லை. கார்த்திகையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து வாடகைக்கு பம்பு எடுத்துவந்தார். சிதம்பரத்துக்குப் போன் போடவில்லை. நான் போட்டிருந்தால் தம்பி உடனே அனுப்பியிருப்பான். அனுப்பிவிட்டு அவன் வராமல் கடைப் பையனை அனுப்பியிருப்பான். அதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

தை மாதம் தம்பி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் முறை வேறு பக்கம் என்றாலும் அத்தை நான், போகாமல் முடியாது. வீட்டுக்காரரும் வந்தார். சாப்பாட்டுப் பந்தியில் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். தம்பி அளந்து பாதிச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். வீட்டுக்காரர் அவன் இலையைப் பார்த்தார்.

"பாயசம் வெக்கறாங்க. வேணான்னு சொல்லு" என்றார்.

"கொஞ்சம் சாப்பிடலாம். டாக்டரே சொல்லியிருக்கார்" என்றான் தம்பி. மாமா என்று சேர்க்கவில்லை.

அவ்வளவுதான் பேச்சு. கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று, எல்லோரிடமும் சொல்வதுபோல அவனிடமும் "வரேன்" என்றார். தம்பி தலையை ஆட்டினான்.

மாசியில் தம்பியின் டாக்டரிடம் அவனோடு நானும் போனேன். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும் ஆள் சாதாரணமாக ஒரு வாக்கியம் பேசிவிட்டு அதை அடியோடு மறக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். பேசாத ஒன்றைப் பேசியதாகப் பக்கத்தில் இருப்பவர் நினைக்க முடியுமா என்றும் கேட்டேன். அது என் துறை இல்லை என்று சிரித்தார். வெளியே வந்ததும் தம்பி சொன்னான், "ஏன்க்கா தோண்டற. சொல்லியிருப்பேன். சொல்லாமலும் இருந்திருப்பேன். எனக்கே தெரியாதத டாக்டர் எங்க கண்டார்?"

வீட்டுக்காரரிடம் நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது, "நீங்க போங்க மாமா, நான் வரேன்." சடங்கு முடிந்து வந்த பிறகு கேட்டபோது, "நீங்க முன்னாடி போங்க மாமா, நான் பின்னாடியே வரேன்." போன வாரம் கேட்டபோது எழுந்து மாடிக்குப் போய்விட்டார். வார்த்தை கூடியிருப்பதை வைத்து நான் எதுவும் முடிவு செய்யவில்லை. என் நினைவிலும் வார்த்தைகள் கூடுகின்றன.

பாலத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் அன்று வேறு யாரும் இருக்கவில்லை என்று வழிகாட்டி போனில் சொல்கிறார். ஆகவே தம்பி அந்த வாக்கியத்தைச் சொன்னானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.